டபுள் பேஸ்: 110 செ.மீ. கம்பியை 103.8-க்குக் கொண்டுவந்த வேலை

எங்கள் சபைப் பாடகர் குழுவின் டபுள் பேஸில் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) கம்பி நீளம் இப்போது 103.8 செ.மீ. முன்பு 110. குறைத்தது கழுத்தின் மேல் முனையில், கம்பிகள் படிந்து போகிற சின்னக் கட்டையான நட் பக்கம். உடலின் மேல் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் பழைய இடத்திலேயே நிற்கிறது. பெரிய பேஸை சின்னக் கைக்கு ஏற்றதாக்க வேண்டும் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது பிரிட்ஜைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடலாமே என்பதுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். அதை ஏன் விட்டேன், நட் பக்கம் போனபோது எது சரியாக வந்தது, எதற்குக் கூடுதல் வேலை வந்தது என்பதையெல்லாம் அளவோடு எழுதி வைக்கிறேன். குமரி மாவட்டத்தில் பழைய பேஸ் வைத்திருக்கிற சபையோ வீடோ இருந்தால் உதவும். இந்த வேலைக்குத் தேவையானதெல்லாம் வடசேரிக்கும் தக்கலைக்கும் இடையிலேயே கிடைத்தது. வெளியூரிலிருந்து வரவழைத்தது கம்பி மட்டும்தான்.

முதலில் பேஸைப் பற்றி. ஒட்டுப்பலகை உடல், மேப்பிள் கழுத்து, அதன்மேல் விரல் அழுத்துகிற கருங்காலி ஃபிங்கர் போர்டு. உள்ளே ஒட்டியிருந்த சீட்டு கிழிந்துபோய் எழுத்து எதுவும் தெரியவில்லை. உடல் அளவு 3/4. டபுள் பேஸில் 3/4 என்பதுதான் எங்கும் புழங்குகிற சாதாரண அளவு. சிறுவர்களுக்கான பேஸ் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அளவு பேஸில் கம்பி நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, பெரும்பாலும் 104 முதல் 107 செ.மீ. வரை இருக்கும். எங்களுடையது 110. பழைய பேஸ்களில் இப்படி நீளமானவை நிறைய உண்டு.

வாசிப்பது என் அண்ணன் மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே பேஸில் கை வைத்துவிட்டாள். தாளம் பிசகாது, காதும் நல்ல காது. அவளுக்குத் தொல்லை கொடுத்தது ஹாஃப் பொசிஷன், அதாவது கை நட்டை ஒட்டி நிற்கிற நிலை. பாமாலைப் பாட்டுகளில் பாதிக்கு மேல் எங்கள் குழு எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட் ஆகிய சுருதிகளில்தான் பாடுகிறது. இந்த மூன்று சுரங்களுமே நட்டை ஒட்டிய முதல் அரைச் சுரத்தில் வருகின்றன. பேஸின் நாலு கம்பிகள், தடித்ததிலிருந்து மெலிந்தது வரை, இ, ஏ, டி, ஜி. இ கம்பியில் எஃப், ஏ கம்பியில் பி ஃபிளாட், டி கம்பியில் இ ஃபிளாட். கம்பி மிகவும் விறைப்பாக இருக்கிற இடமும் அதுதான், விரல்கள் மிகவும் விரிய வேண்டிய இடமும் அதுதான். 110 செ.மீ. கம்பியில் ஹாஃப் பொசிஷனில் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் 113 மி.மீ. விரிப்பு வேண்டும். ஒரு ஆராதனை முடிவதற்குள் அவளுக்கு மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். "சித்தப்பா, எஃப் பிடிச்சா ஜி எட்ட மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நீளத்தில் கை வைக்கும் முன் கம்பியின் உயரத்தைப் பார்த்தேன். இந்த வரிசை முக்கியம். உயரம் தப்பாக இருந்தால் 100 செ.மீ. கம்பிகூடக் கையைக் கொல்லும். ஃபிங்கர் போர்டின் கீழ் முனையில் ஜி கம்பி 8 மி.மீ. மேலே நின்றது, இ கம்பி 12 மி.மீ. நட்டுக்கு முன்னால் எல்லாக் கம்பிகளும் ஏறக்குறைய 2 மி.மீ. உயரத்தில் இருந்தன. அங்கே ஒரு விசிட்டிங் கார்டை மடித்து நுழைத்தால் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அவ்வளவு உயரம் போதும். பைக் மெக்கானிக் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. நட்டில் கம்பி ஓடும் காடிகளை 0.6 மி.மீ. வரை இறக்கினேன். பிரிட்ஜில் உயரம் மாற்றும் அட்ஜஸ்டர் சக்கரம் ஏற்கெனவே இருந்ததால் ஜி கம்பியை 6-க்கும் இ கம்பியை 9-க்கும் கொண்டுவருவதில் சிரமம் இல்லை.

நட் காடியை அராவுவதற்கான அரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாத்தியக் கடைகளில் இதற்கென்றே விற்கிற அரம் விலை அதிகம். வடசேரியில் கோவில் நகை செய்கிறவர்கள் புழங்குகிற ஊசி அரம் இதற்கு அருமையாக உதவும். நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழிலுக்குச் சாமான் விற்கும் கடையில் உருண்டை, அரைவட்டம், சப்பை எல்லாம் சேர்ந்த ஒரு செட் 450 ரூபாய். இ கம்பி இரண்டரை மி.மீ.க்குச் சற்று அதிகம், ஜி கம்பி அதில் பாதியளவு. ஊசி அரம் நுனியில் மெலிந்து அடியில் தடிப்பதால் ஒரே அரத்தில் நாலு காடியையும் முடிக்கலாம். கடைசியில் ஒரு பழைய கம்பித் துண்டில் 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிக் காடிக்குள் இழுத்தால் வழவழப்பாகிவிடும்.

உயரம் இறங்கியதும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. அழுத்தும் வலி போய்விட்டது. விரிப்பு மட்டும் அப்படியே நின்றது. அதற்கு நீளத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

பிரிட்ஜை 3 செ.மீ. மேலே நகர்த்தினேன். மேல்பலகையில் எஃப் எழுத்துப்போல வெட்டிய எஃப் துளைகளின் உள்பக்க வெட்டுக்கு நேரே நிற்க வேண்டிய பிரிட்ஜ் கழுத்துப் பக்கம் ஏறியது. கம்பி நீளம் 107. விரிப்பு 113-லிருந்து 110 ஆனது. கைக்கு அது போதவில்லை, ஆனால் பேஸுக்கு அதுவே அதிகமாகிப்போனது. ஜி கம்பியின் சத்தம் கம்மிப்போய், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிட்டது. காரணம் சவுண்ட் போஸ்ட். பிரிட்ஜின் ஜி பக்கத்துக் காலுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள், மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நெருக்கமாக நிற்கிற மரக்கம்பு அது. பிரிட்ஜ் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர வேண்டும். நகர்த்தாமல் விட்டால் சத்தம் போவதோடு நிற்காது. நாலு கம்பியின் அமுக்கமும் தாங்கல் இல்லாத பலகை மேல் விழுந்து நாளாவட்டத்தில் மேல்பலகை உள்ளே குழிந்துவிடும். போஸ்டை நகர்த்தலாம் என்றால் உடலின் வளைவு அங்கே வேறு, உயரமும் வேறு. புதுப் போஸ்ட் செதுக்க வேண்டும். பிரிட்ஜின் கால்கள் பழைய இடத்தின் வளைவுக்குச் செதுக்கப்பட்டவை, புது இடத்தில் ஓரத்தில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டன. கம்பிகள் பிரிட்ஜை நோக்கி ஏறிக்கொண்டே போவதால், அதே பிரிட்ஜைக் கழுத்துப் பக்கம் கொண்டுவந்ததும் கம்பி உயரம் வேறு கூடிவிட்டது. ஒன்றைத் தொட்டால் நாலு வேலை.

இதையெல்லாம்கூடச் செய்து முடித்திருப்பேன். என்னை நிறுத்தியது வேறொன்று. பேஸ் வாசிப்பவர்கள் கண்ணால் பார்த்து விரலை வைப்பதில்லை. கழுத்து உடலோடு சேருமிடத்தில் ஒரு வளைவு இருக்கிறது, ஹீல் என்பார்கள். கட்டைவிரல் அங்கே முட்டி நிற்கும்போது ஆள்காட்டி விரல் ஜி கம்பியில் எந்தச் சுரத்தில் விழுகிறதோ அதுதான் கைக்கு அடையாளக் கல். சில பேஸ்களில் அது டி, சிலவற்றில் இ ஃபிளாட். எங்கள் பேஸில் இ ஃபிளாட். நட்டிலிருந்து அந்த இடம் 40.7 செ.மீ. பிரிட்ஜை 3 செ.மீ. ஏற்றியதும் அந்த இடத்தில் விழுந்தது இ ஃபிளாட்டும் இல்லை, இ-யும் இல்லை. 6 செ.மீ. ஏற்றினால் ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். அப்புறம் கை எதை நம்பும்?

நட் பக்கம் குறைத்தால் ஹீலில் என்ன வரும் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் வழி திறந்தது. நட்டைச் சரியாக ஒரு அரைச் சுரம் உள்ளே கொண்டுவந்தால், இ ஃபிளாட் விழுந்த இடத்தில் அச்சாக டி விழும். எல்லாச் சுரமும் ஒரு படி இறங்குகிறது, வேறொன்றும் இல்லை. இ ஃபிளாட் கழுத்தாக இருந்தது டி கழுத்தாக மாறுகிறது. இரண்டுமே எல்லா ஊரிலும் பழக்கத்தில் உள்ள கழுத்துகள். கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் அரைச் சுரத்தின் தூரம் வரும். 110-ஐ வகுத்தால் 6.17. அதாவது 61.7 மி.மீ. கழித்தால் 103.8 செ.மீ. ஹாஃப் பொசிஷன் விரிப்பு 107 மி.மீ. ஆறு மி.மீ. என்று எழுத்தில் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. சுண்டுவிரலுக்கு அது எட்டுவதற்கும் எட்டாததற்கும் உள்ள தூரம்.

இந்தக் கணக்கு எல்லாப் பேஸுக்கும் பொருந்தாது, கவனம். ஹீலில் ஏற்கெனவே டி விழுகிற பேஸில் நட்டை அரைச் சுரம் உள்ளே கொண்டுவந்தால் அங்கே சி ஷார்ப் விழும். அப்படி ஒரு கழுத்துக்குப் பழகிய கை கிடையாது. ஆகவே அளவு நாடாவை எடுக்கும் முன் ஹீலில் கட்டைவிரலை வைத்து என்ன சுரம் என்று பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் வெட்டாமலே வாசித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாலு கம்பியையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டினேன். பிறகு 20 மி.மீ. கனமுள்ள ஒரு தேக்குத் துண்டை அடியில் ஃபிங்கர் போர்டின் வளைவுக்குக் குடைந்து, சைக்கிள் டியூப் ஒட்டி, நட்டிலிருந்து 61.7 மி.மீ. தூரத்தில் கம்பிகளின் மேல் வைத்து, சி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். கழுத்தின் பின்பக்கம் பழைய தோல் செருப்பின் அடித்தோலை வைத்தேன், கிளாம்பின் தடம் விழாது. கிட்டாரில் கேப்போ போடுகிற அதே வேலைதான். திறந்த கம்பிகள் மறுபடி இ, ஏ, டி, ஜி ஆகிவிட்டன, நீளம் 103.8. கம்பியின் இறுக்கம்கூட வெட்டிய பிறகு எவ்வளவு இருக்குமோ அதே அளவு. ஒரு பைசா செலவில்லை.

சுருதி சேர்க்கும்போது ஒரு தொல்லை. இ கம்பியின் அதிர்வு வினாடிக்கு 41 தான். செல்போன் மைக் அதைச் சரியாகப் பிடிக்காது, ஆப் தடுமாறும். கம்பியின் சரிபாதியில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து வில்லை இழுத்தால் ஒரு ஸ்தாயி மேலே, 82-இல் பேசும். அதை வைத்துச் சேர்த்தால் முள் நிலையாக நிற்கிறது.

இந்தக் கட்டை கட்டிய பேஸோடுதான் அவள் லெந்து நாட்களின் மாலை ஆராதனைகளில் வாசித்தாள். பார்க்க அழகாக இல்லை. கிளாம்ப் கைப்பிடி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. எஃப், ஜி, ஏ ஃபிளாட் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. மணிக்கட்டு வலியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. குழுவில் அவளுக்கு முன்பிருந்தே வாசிக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவருக்குத்தான் சுரங்கள் விலகின. ஹீலைத் தொட்டால் இ ஃபிளாட் என்று ஊறிப்போன கை அவருடையது. சில ஒத்திகைகளுக்குள் அவரும் டி-க்குப் பழகிவிட்டார். "நீளம் குறைஞ்சது எனக்கும் நல்லதுதான்" என்று அவர் சொன்ன பிறகே சபைக் கமிட்டியிடம் கேட்டேன். கமிட்டி ஒரே நிபந்தனை வைத்தது. வேண்டும் என்றால் பழையபடி ஆக்க முடிய வேண்டும். நியாயமான நிபந்தனை, வேலை முழுவதையும் அதை மனதில் வைத்தே செய்தேன்.

வெட்டும் வேலைக்கு மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதி தொடங்கிவிட்டால் மரம் ஈரம் குடித்துப் பருத்துவிடும், ஒட்டுவதும் காய்வதும் சிரமம். தக்கலைப் பக்கம் பழைய நாலுகட்டு வீடுகளுக்கு மரவேலை செய்கிற ஒரு ஆசாரி அண்ணன் உதவிக்கு வந்தார். பேஸை அதற்குமுன் அவர் கண்டதில்லை. ஃபிங்கர் போர்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த ஒட்டை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது வஜ்ஜிரமாக்கும், மக்களே. வெந்நி போதும், உளி வேண்டாம்." வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலிலிருந்து காய்ச்சுகிற பசை.

கம்பிகளைத் தளர்த்தும் முன் பிரிட்ஜின் கால்களைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். கம்பிகளைக் கழற்றிய சிறிது நேரத்தில் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. கம்பிகளின் அமுக்கம் போனால் இது நடக்கக்கூடியதே. ஒன்றொன்றாகக் கம்பி மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, நட்டையே எடுக்கும்போது வேறு வழியில்லை. அதைத் திரும்ப நிறுத்தும் கதை பின்னால் வருகிறது.

பழைய நட்டைப் பக்கவாட்டில் ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டியதும் வந்துவிட்டது. ஃபிங்கர் போர்டின் குறுக்கே 61.7 மி.மீ.இல் கத்தியால் கோடு கீறினேன். இந்தக் கோட்டுக்கு மூலைமட்டம் மட்டும் போதாது. ஃபிங்கர் போர்டின் இரண்டு ஓரமும் இணையாக இல்லை, கீழே போகப் போக அகலும். ஆகவே பிரிட்ஜ் நின்ற இடத்தின் நடுவிலிருந்து கோட்டின் நடுவுக்கும் இரு முனைகளுக்கும் அளவு நாடா பிடித்துச் சரிபார்த்தோம். மெல்லிய பல்லுள்ள முதுகு ரம்பத்தால் ஆசாரி அண்ணன் கழுத்து மரத்தைத் தொடாமல் அறுத்தார். கடைசி அரை மி.மீ.யை ரம்பம் போடாமல் கத்தியாலேயே முடித்தார். பிறகு வெந்நீரில் முக்கிய மெல்லிய பட்டைக் கத்தியை ஒட்டின் கோட்டில் நுழைத்து, எடுத்து, மறுபடி முக்கி, நுழைத்து. அவசரப்படாமல் செய்ததில் கருங்காலித் துண்டு கீறல்கூட விழாமல் முழுதாகக் கழன்று வந்தது. பழைய நட்டோடு சேர்த்து அதைத் துணியில் சுற்றி, பேஸ் உறையின் பைக்குள் வைத்திருக்கிறோம். என்றைக்காவது 110 வேண்டும் என்றால் இந்தத் துண்டை ஒட்டினால் போதும், ரம்பம் தின்ற அரை மி.மீ. மட்டும்தான் குறையும்.

அந்த இடத்தில் வைக்க ஒரே மரத்தில் கட்டையும் நட்டும் சேர்ந்த புதுத் துண்டு. முதலில் தேக்கில் செய்து கம்பி கட்டிப் பார்த்தோம், வடிவம் சரியா என்று தெரிய அது போதுமானது. ஆனால் தேக்கு இந்த வேலைக்கு மென்மையான மரம். கம்பியை ஏற்றி இறக்கும்போதே இ கம்பி காடியை அறுத்துக்கொண்டு போனது. நிலையான துண்டை ஈட்டியில் செய்தோம். பழைய வீடு பிரித்தவர்களிடம் ஒரு கட்டில் கால் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. நன்கு உலர்ந்த மரம், இழைப்புளியில் வாசனையோடு சுருள் சுருளாக வந்தது. கருங்காலி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்த அளவுக்குப் பிளவில்லாத கருங்காலித் துண்டு கையில் சிக்கவில்லை.

துண்டின் வடிவம் இப்படி. நீளம் 62 மி.மீ., முன் அகலம் 47, பின் அகலம் 44. ஃபிங்கர் போர்டைத் தொடுகிற முன் ஓரத்தில் நட்டின் முகடு, போர்டின் வளைவோடேயே வளைந்து அதைவிட 3 மி.மீ. உயரமாக. அங்கிருந்து பின்பக்கம் சரிவாக இறங்க வேண்டும். எவ்வளவு சரிவு என்பதைக் கோணமானி வைத்துப் பார்க்கவில்லை. முகட்டிலிருந்து சுருதிச் சாவியின் உருளை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, மரம் எங்குமே அந்த நூலைத் தொடாமல் 1 மி.மீ. கீழே இருக்கும்வரை சீவினோம். பின்பக்கம் மரம் எங்காவது கம்பியைத் தொட்டால் திறந்த கம்பி கரகரக்கும், சுருதியும் நிலைக்காது.

காடிகளின் இடைவெளி யோசிக்க வேண்டிய விஷயம். பழைய நட்டில் இ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் நடுவே 31 மி.மீ. அந்தக் கம்பிகள் பழைய பாதையிலேயே போனால் புது நட்டின் இடத்தில் கிட்டத்தட்ட 34 மி.மீ. விரிந்திருக்கும். பெரிய கைக்கு அது பரவாயில்லை. சின்ன விரல்களுக்கு 34 அகலம், 31 வைத்தால் போர்டின் ஓரம் அதிகமாக வெறுமையாகிவிடும். 32-இல் நிறுத்தினேன். ஜி கம்பியின் காடியை ஓரத்திலிருந்து 7.5 மி.மீ. உள்ளே வைத்து, இ கம்பியையும் அதேபோல வைத்து, நடுவிலுள்ள இரண்டையும் கண்ணால் பார்த்தே பங்கிட்டேன். கம்பிகளின் கனம் வேறு வேறு என்பதால் மையத்திலிருந்து மையம் சமமாக வைத்தால் கண்ணுக்கும் விரலுக்கும் தடித்த கம்பிகள் நெருக்கமாகத் தெரியும். கம்பிகளின் ஓரங்களுக்கு இடையே உள்ள வெளியைச் சமமாக வைத்தால் கைக்குச் சரியாக வரும்.

ஒட்டியது வஜ்ஜிரத்தில்தான். 120 ரூபாய்க்கு வாங்கியதில் பாதி இன்னும் மிச்சம். வெள்ளைப் பசை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் நிற்காத இழுப்பில் அது மெல்ல வழுக்கும், பிறகு பிரிப்பதும் கஷ்டம். வஜ்ஜிரம் காய்ந்தால் கெட்டியாக நிற்கும், வெந்நீரும் சூடும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். கமிட்டி கேட்டதும் அதைத்தானே. முழுப் பரப்பிலும் தடவாமல் ஓரங்களிலும் முன்பக்கத்திலும் மட்டும் தடவி, கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டோம். கம்பிகளின் அமுக்கமே துண்டைக் கீழே பிடித்துக்கொள்கிறது, ஒட்டுக்கு அதிக வேலை இல்லை.

இனி சவுண்ட் போஸ்ட். மெலிந்த கம்பியில் கொக்கி வளைத்துப் பார்த்தேன், போஸ்டின் கனத்துக்கு அது தாங்கவில்லை. பேஸின் போஸ்ட் 18 மி.மீ. தடிமன், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். கொல்லப் பட்டறையில் 6 மி.மீ. கம்பி ஒன்றை 'எஸ்' போல வளைத்து, ஒரு முனையைக் கூராகத் தட்டி வாங்கினேன். கூர் முனையில் போஸ்டைக் குத்தி, எஃப் துளை வழியே நுழைத்து, பின்பலகையில் முதலில் நிறுத்தி, மேல் முனையைத் தட்டித் தட்டி இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீழே, பேஸைத் தரையில் ஊன்றும் முள் போகிற துளையைத் திறந்து, அதன் வழியே பார்த்தால் போஸ்ட் நேராக நிற்கிறதா என்பது முழுதாகத் தெரிகிறது. எஃப் துளைக்குள் செல்போன் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். போஸ்டின் பழைய தடம் இரண்டு பலகையிலும் வட்டமாகப் பதிந்திருந்தது, அது பெரிய உதவி. பொறுமையைச் சோதிக்கிற வேலை. நட் வேலை முழுவதற்கும் ஆன நேரத்தைவிட இதற்கே அதிகம் ஆனது.

பழைய கம்பிகளையே திரும்பக் கட்டினேன். நீளம் குறைந்ததே, கம்பி மாற்ற வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். கம்பிகளின் கீழ் முனை மாட்டியிருக்கிற டெயில்பீஸிலிருந்து சாவி வரையுள்ள தூரம் மாறவில்லை, ஆகவே கம்பி அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. முன்பு நட்டில் பட்டுநூல் சுற்றிய பகுதி உட்கார்ந்திருந்தது, இப்போது உலோகப் பகுதி உட்கார்கிறது, அவ்வளவே. இறுக்கம் மட்டும் நூற்றுக்குப் பதினொன்று அளவு குறைந்தது. விரலுக்கு அது பெரிய சுகம். ஆனால் இ கம்பியை வில்லால் அழுத்தி இழுத்தால் அலைந்து, போர்டில் அடித்தது. பழைய செட் மென்மையான ரகம். இ கம்பியை 10 மி.மீ.க்கு உயர்த்தி ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் ஒரு படி இறுக்கமான மீடியம் ரகச் செட் வாங்கினோம், அனுப்பு கூலியோடு 14,000 ரூபாய். அது வந்தபிறகு இ கம்பி மறுபடி 9-இல் நிற்கிறது, அடிநாதமும் திரும்பி வந்துவிட்டது. கம்பியைத் தவிர்த்த செலவு, ஆசாரி அண்ணனுக்குக் கொடுத்த 700-ம் பட்டறைக் கூலி 150-ம் சேர்த்து, ரூ. 1,870.

வாசிக்கிற கைக்கு இரண்டு விஷயம் புதிது. ஒன்று, கம்பியின் சரிபாதி இப்போது 3.1 செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்திருக்கிறது. மேல் ஸ்தாயி சுரங்களுக்கு உடலின் தோள்மேல் இன்னும் கொஞ்சம் சாய வேண்டும். எங்கள் பாட்டுகளில் அங்கே போகும் தேவை குறைவு, தனி வாசிப்புக்காரருக்கு இது உறுத்தலாம். இன்னொன்று, நட்டுக்கு மேலேயும் 62 மி.மீ. கழுத்து மிச்சமிருப்பதால் கை தவறி அதற்குள் ஏறிவிடுகிறது. முன்பெல்லாம் சாவிப் பெட்டி வந்து கையைத் தடுக்கும். முகட்டை 3 மி.மீ. உயரமாக விட்டது அதற்காகத்தான். ஆனால் விரலுக்குத் தெரிகிற அது பின்னால் இருக்கிற கட்டைவிரலுக்குத் தெரிவதில்லை. கழுத்தின் பின்பக்கம், நட்டுக்கு நேரே, ஒரு சின்னத் துணி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள். போதுமானதாக இருக்கிறது என்கிறாள்.

அடுத்த முறை இந்த வேலையைச் செய்தால் பிரிட்ஜைத் தொடவே மாட்டேன். ஹீல் சுரத்தைப் பார்த்ததும் கிளாம்ப் சோதனைக்குப் போய்விடுவேன். கம்பி செட்டை வேலைக்கு முன்பே வாங்கி, அந்தக் கம்பியின் கனத்துக்கே காடியை அராவுவேன். இப்போது மீடியம் ரகத்துக்காக மறுபடி அரத்தை எடுக்க வேண்டி வந்தது. போஸ்ட் விழாமல் இருக்க, கம்பிகளைக் கழற்றும் முன் எஃப் துளைகளுக்கு நேரே உடலைச் சுற்றித் துணிப் பட்டை போட்டு, மேல்பலகையை லேசாக இறுக்கி வைப்பேன்.

ஆனி மழையில் ஒருமுறை அளந்தேன். மேல்பலகை பருத்து, இ கம்பி 9-லிருந்து 10-க்கு ஏறியிருந்தது, ஜி அரை மி.மீ. ஏறியிருந்தது. அட்ஜஸ்டர் சக்கரத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி இறக்கினோம். ஈட்டித் துண்டின் ஒட்டில் விரிசல் எதுவும் இல்லை. ஐப்பசி மழை முடிந்ததும் இ கம்பியின் காடி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 0.4-க்குக் கீழே போயிருந்தால், மிச்சமிருக்கிற கட்டில் காலிலிருந்து இன்னொரு துண்டு செதுக்கலாம்.